மூன்று பேராகப் போகக்கூடாது

பாரிஸில் சித்தியின் கடைசி மகளுக்குக் கலியாணம் என்று அழைப்பு வந்த அன்றே என் கணவர் வரைபடத்தைத் திறந்துவிட்டார். அவர் மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் ஆக்லாந்திலிருந்து உலகத்தின் அடுத்த முனைவரை பறந்துபோய், ஒரு மண்டபத்தில் சோற்றைத் தின்றுவிட்டு அப்படியே திரும்பி வருவது அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவராத காரியம். கலியாணம் முடிந்ததும் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்குக் கரையோரமாக நாலைந்து நாள் சுற்றிவரலாம் என்றார். பழைய துறைமுகங்கள், வெள்ளை மலைச்சுவர்கள், யுத்தம் நடந்த கடற்கரைகள், கடல் நடுவில் நிற்கும் மடாலயம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நோர்மண்டி என்ற பெயரைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறந்துவிட்டாரோ என்று முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் விளங்கியது, மறக்காததால்தான் மனிதர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார் என்று.

என் அண்ணன் அங்கேதான் காணாமல் போனான். தொண்ணூறுகளில் இலங்கையை விட்டு ஏஜென்சிக்காரர்களின் கையைப் பிடித்துப் புறப்பட்ட எத்தனையோ பேரில் அவனும் ஒருவன். ரஷ்யா, போலந்து, ஜெர்மனி என்று எங்கெல்லாமோ இழுபட்டு பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தான். லண்டனுக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். நோர்மண்டிக் கரையில், இங்கிலாந்துக்குக் கப்பல் போகும் ஒரு சின்னத் துறைமுக ஊரில், கப்பலேறும் லொறிகளுக்குள் ஒளிந்து போவதற்காகக் காத்திருந்தான். ஒரு பின்னேரம் கொழும்பில் அவனுடைய மனைவி தங்கியிருந்த லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவனோடு நின்ற ஒருவர் லண்டன் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்தில் இருட்டுக்குள் பிரிந்துவிட்டோம், அவ்வளவுதான் தெரியும் என்றார். எழுதிக் கேட்கக்கூடிய எல்லோருக்கும் எழுதிக் கேட்டோம். எல்லோரும் மரியாதையாக, அப்படி ஒருவரைப் பற்றித் தங்களிடம் தகவல் இல்லை என்றார்கள்.

அந்த ஊரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அந்த இடம்' என்போம். இங்கேயும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

செத்தவன் என்றால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இருக்கிறவன் என்றால் திட்டலாம். என் அண்ணன் இரண்டுக்கும் இடம் தரவில்லை. எனக்கு அவன்மேல் பெருங்கோபம். இங்கே ஆக்லாந்தில், பாபகூராவில் மரக்கறிக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது முன்னால் நிற்கிற ஆளின் பிடரி அவனுடையதாக இருக்கும். எட்டிப் போய் முகத்தைப் பார்ப்பேன். யாரோ ஒரு பிஜிக்காரர், அல்லது சமோவாக்காரர். அவர் சிரிப்பார், நானும் சிரித்துவிட்டு, வெங்காயத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பா இங்கே இறந்தபோது, ஐயர் மூத்த மகன் எங்கே என்று கேட்டார். மண்டபம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். கடைசியில் பெரியப்பாவின் மகன் முன்னுக்கு வந்து கொள்ளி வைத்தார். அன்றைக்கும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது.

ஆனால் இது என்னைப் பற்றிய கதை இல்லை. அண்ணனின் மனைவியைப் பற்றியது. யாழ்ப்பாண வழக்கில் அவர் எனக்கு மச்சாள். கலியாணம் கட்டி ஒரு வருஷம்கூட அவனோடு வாழவில்லை. அவனைத் தேடித் தேடிக் கொழும்பில் களைத்துப்போய், பிறகு படிப்பு விசாவில் இங்கே வந்து, குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாகி, ஆக்லாந்தின் மேற்கே ரானுயியில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கித் தனியாக இருக்கிறார். நெற்றியில் பொட்டு இருக்கிறது. கழுத்தில் தாலி இருக்கிறது. ஆளைக் காணவில்லை என்பதற்காக எந்தப் பெண் தாலியைக் கழற்றுவாள்? எங்கள் ஆட்களில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நிற்கச் சொல்லும் இடத்தில் அவர்கள் நிற்பதில்லை, இருக்கச் சொல்லும் இடத்தில் இருப்பதுமில்லை. எல்லாக் கலியாண வீட்டிலும் சமையலறைப் பக்கமாகத்தான் அவர்களைக் காணலாம்.

மச்சாள் சனிக்கிழமைகளில் ரயில் மாறி பாபகூராவுக்கு வருவார். நான் போய்க் கூட்டிக்கொண்டு நாங்கள் இருக்கும் தகனினிக்கு வருவேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். பாரிஸுக்கு வருகிறீர்களா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது ஓம் என்றார். கரையோரப் பயணத்தைப் பற்றியும் சொன்னேன். அதற்கும் ஓம் என்றார், கறிக்கு உப்புப் போதுமோ என்று கேட்டதுபோல.

அடுத்த சனிக்கிழமை, என் கணவர் பெரிய டிவியில் வரைபடத்தைப் போட்டுப் பாதையைக் காட்டினார். பாரிஸிலிருந்து ஆற்றோரமாகப் போய், தேவாலயங்கள் உள்ள ஒரு பழைய நகரத்தைப் பார்த்து, அங்கிருந்து மேற்கே திரும்பி, மலைச்சுவர்கள், துறைமுகம், யுத்தக் கடற்கரைகள், கடைசியில் மடாலயம். நல்ல திட்டம். மச்சாள் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பிறகு, "ரோட்டை ஏன் அண்ணா வளைச்சனீங்கள்? இன்னும் கொஞ்சம் வடக்கால போனா அந்த இடம் வரும்தானே," என்றார்.

என் கணவருக்குக் காது சிவந்துவிட்டது. "இல்லக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்," என்றார்.

"கஷ்டம் ஒண்டும் இல்லை. அங்க போகத்தானே நான் வாறன்."

அவர் கோட்டை வடக்கே இழுத்துவிட்டார். எங்கே தங்குவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று சாதாரணமாகக் கதைக்கத் தொடங்கினோம். மூன்று பேருடைய குரலும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

அந்த இடத்தில் ஒரு தங்குமிடம் தேடும்போதுதான் அது நடந்தது. இப்போதெல்லாம் வீட்டில் இருந்துகொண்டே உலகத்தின் எந்தத் தெருவிலும் படமாக நடக்கலாம். என் கணவர் கடற்கரைத் தெருவைத் திறந்து, ஒரு விடுதியின் வாசலுக்குப் போக வழி தேடிக்கொண்டிருந்தார். மச்சாள் கப்பைக் கீழே வைக்காமலே, இடப்பக்கம் திரும்புங்கோ என்றார். திரும்பினார். தேவாலயம் வரும், அதைத் தாண்டினால் ஒரு பேக்கரி என்றார். பேக்கரி வந்தது. "முந்தி நீலம் பூசியிருந்தது. இப்ப ஆரோ வேற ஆக்கள் எடுத்திட்டினம்," என்றார். அதற்கு அங்கால் மருந்துக்கடை. அதன் பக்கத்தில்தான் முன்பு அண்ணன் கடைசியாகக் கதைத்த தொலைபேசிக் கூண்டு இருந்ததாம், படங்களை எடுத்த காலத்துக்கு முன்பே கழற்றிவிட்டார்களாம். அந்த இடத்தில் நடைபாதைக் கல்லு மட்டும் புதிது, பாருங்கோ என்றார். பார்த்தோம். சதுரமாக ஒரு துண்டு, மற்றக் கற்களைவிட வெளிறிப்போய்க் கிடந்தது.

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த மனுசி வருஷக்கணக்காக அந்த ஊரில் நடந்துகொண்டிருந்திருக்கிறார். ரானுயியில் கதவைப் பூட்டிக்கொண்டு, வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளின் மூக்குச்சளி துடைத்த கையால் அந்த ஊரின் ஒவ்வொரு தெருவாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

"கொஞ்சம் கடல் பக்கம் போங்கோ," என்றார் மச்சாள். கடற்கரையோரமாக உட்கார வாங்குகள் போட்டிருந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. பழைய படங்களும் உள்ளே இருக்கின்றன, ஆண்டை மாற்றிப் பாருங்கோ என்றார். என் கணவர் மாற்றினார். வானம் கறுத்தது, கார்கள் மாறின. ஒரு வாங்கில் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். மண்ணிறத் தோல், கறுப்பு ஜாக்கெட், குனிந்த முதுகு. முகத்தை இயந்திரம் அழித்துவிட்டிருந்தது. அந்தப் படங்களில் எல்லோருக்கும் அப்படித்தான், கண்ணும் மூக்கும் தண்ணீரில் கரைந்ததுபோல் இருக்கும்.

தோள் அப்படியே அண்ணனின் தோள்.

"அவர் இல்லை," என்றார் மச்சாள். "எனக்குத் தெரியும். அவர் கையை இப்பிடி மடக்கி வைக்க மாட்டார். ஆனா பாக்கிறனான்."

என் கணவர் டிவியை நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒருவருக்கும் மடாலயத்தைப் பற்றிக் கதைக்க மனம் வரவில்லை. ஸ்டேசனில் அவரை இறக்கிவிட்டபோது, அடுத்த சனிக்கிழமைக்கு மீன் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தியின் தொலைபேசி அந்தக் கிழமை நடுவில் வந்தது. சித்தி நல்லவர், ஆனால் எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவராவிட்டால் அவருக்கு நித்திரை வராது. முதலில் மனுக்கா தேன், பால்மா, ஆட்டுக் கொழுப்புக் கிறீம் என்று கொண்டுவரவேண்டிய சாமான்களைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வந்தார். கடற்கரைக்குப் போகப் போகிறீர்களாம், நல்லது, அப்படியே காரியத்தையும் அங்கேயே முடித்துவிடுங்கள், இங்கே ஒரு ஐயர் இருக்கிறார், காரில் ஏற்றிக்கொண்டு போகலாம், தர்ப்பையில் ஆள்மாதிரிச் செய்து எரித்து அந்தியேட்டிக் கிரியையும் கழித்துவிடலாம், இத்தனை வருஷம் போனபிறகு சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். ஒரே ஒரு விஷயம்: கலியாணத்துக்குப் பிறகுதான் செய்யவேண்டும். முதலில் செய்தால் எல்லோருக்கும் துடக்குத் தீட்டு வந்துவிடும், கலியாணம் நின்றுபோகும்.

"அவளும் ஒரு முடிவுக்கு வரவேணும் பிள்ளை. பொம்பிளை மாப்பிளைக்கு ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுறதோ விடுறதோ எண்டு எங்களுக்கே தெரியேல்லை," என்றார் சித்தி.

நான் கண்டபாட்டுக்குக் கதைத்துவிட்டேன். என் அண்ணனைச் சாகடிப்பதற்கு மண்டபக்காரனிடம் நாள் கேட்டீர்களோ என்றுகூடக் கேட்டேன். சித்தி பாவம், அழுதார். தொலைபேசியை வைத்தபிறகு நான் சிங்க்கில் கிடந்த பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டு தரம் கழுவினேன். சித்தி சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காரணம். நானும் அதைத்தான் விரும்பினேன். யாராவது வந்து இது முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டார்களா என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் கழற்றவேண்டிய தாலி என் கழுத்தில் இல்லை. அதை நான் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சித்தி நேரே மச்சாளுக்கும் எடுத்துச் சொல்லிவிட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மச்சாளிடம் கேட்டேன். "கேட்டுக்கொண்டிருந்தன்," என்றார்.

இதற்கிடையில், வருவதாக இருந்த எங்கள் மகள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். யூனிவர்சிட்டியில் பிராக்டிகல், விட்டுவிட்டு வரமுடியாது என்று இங்கிலீஷில் வந்து நின்று சொன்னாள். நாலு பேராக இருந்தவர்கள் மூன்று பேராகிவிட்டோம்.

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்படக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குள் இருக்கிற ஒரு பயம். தவிர்க்க முடியாவிட்டால் வாசலில் கிடக்கிற சின்னக் கல் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். கல்லு நாலாவது ஆள். இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. ஆனால் விடவும் மாட்டேன். தகனினி வீட்டுக்கு மோட்கேஜ் கையெழுத்து வைக்கப் போன அன்று, மகளும் சேர்ந்து மூன்று பேராகிவிட்டதால் கைப்பைக்குள் ஒரு கல்லும் எங்களோடு வங்கிக்கு வந்தது. பேனை எடுக்கப் போய்க் கல்லை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். எதிரே இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. வட்டியைக் கொஞ்சம் குறைத்துத் தந்தாள் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில், மூன்று பேராகிவிட்டோமே என்று நான் முணுமுணுத்தேன். என் கணவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அதுக்குத்தான் ஒங்ககிட்ட மருந்து இருக்கே. ஒரு கல்லத் தூக்கிப் பையில போட்டுக்கலாம். டிக்கெட்டும் கேக்காது, சாப்பாடும் கேக்காது," என்றார். நான் சிரித்தேன்.

மச்சாள் சிரிக்கவில்லை. "கல்லு வேண்டாம்," என்றார். "நாங்கள் நாலு பேர்தான்."

நாலாவது ஆள் யார் என்று கேட்க என்ன இருக்கிறது. மச்சாள் சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். நான் மேசையில் காலியாகக் கிடந்த மகளின் கதிரையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

அதன் பிறகு என் வீட்டுக்குள் அண்ணன் நடமாடத் தொடங்கிவிட்டான். இதை எப்படிச் சொன்னாலும் படித்தவள் இப்படிக் கதைக்கலாமா என்பார்கள், பரவாயில்லை. காரைத் தேர்ந்தெடுக்கும்போது, பின்சீட்டில் இரண்டு பேர் வசதியாக இருக்கலாமா என்று பார்த்தேன். என் கணவர் அந்த இடத்தில் மச்சாளுக்கு அறை எடுத்தபோது, பெரிய கட்டில் உள்ள அறையாக எடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதுதான் மிச்சம் இருந்தது என்று அவராகவே சொன்னார், பொய் சொல்லத் தெரியாத மனுசன். இன்னொரு நாள், எங்களுக்கு பிரான்ஸுக்கு விசா தேவையில்லை, நியூசிலாந்து பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நடந்து போகலாம் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். அறைக்குள் எங்களைத் தவிர யாரோ இருப்பதுபோல் இருந்தது. ஒரு பாஸ்போர்ட். அது இருந்திருந்தால் அவன் அந்தக் கப்பலில் மேல்தட்டில் நின்று கோப்பி குடித்துக்கொண்டு போயிருப்பான்.

புறப்படுவதற்கு முந்திய மாதத்தில், வாங்கிய புதுச் சப்பாத்துகளை நடந்து பழக்கவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேற்குக் கரைக்குப் போனோம். நானும் மச்சாளும் மட்டும். ரானுயியிலிருந்து காட்டு வழியாகக் கொஞ்ச நேரம்தான். அங்கே மணல் கறுப்பு. அலை எப்போதும் சண்டைக்கு வருவதுபோல் வரும். நாய்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேர் தூரத்தில் போனார்கள்.

கொஞ்ச தூரம் நடந்தபிறகு, அந்த இடத்தில் மணலே இல்லை என்றார் மச்சாள். அண்ணனின் கடைசித் தொலைபேசியில் பாதி நேரம் அதைப் பற்றித்தானாம். கடற்கரை என்று சொல்கிறார்கள், ஒரு பிடி மண் இல்லை, முழுக்கக் கல்லு, நடந்தால் சறுக்குகிறது, இப்படியும் ஒரு கடற்கரையா என்று சிரித்தானாம். காசு முடிகிறது, பிறகு எடுக்கிறேன் என்றானாம். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லியிருக்கலாம், கல்லைப் பற்றிக் கதைத்தே காசை முடித்துவிட்டார் என்றார். இத்தனை வருஷத்தில் இதை எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

எனக்கு நல்லாக் கோபம் வந்தது. அவன் அப்படித்தான், சின்ன வயதிலேயே முக்கியமானதைச் சொல்லமாட்டான் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். மச்சாள் அழவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு மரக்குற்றியில் இருத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"நாலு பேர் எண்டு சொன்னன் என்ன," என்றார். "அண்டைக்கு வீட்ட போய், அவர் எங்களோட காருக்குள்ள இருக்கிறமாதிரி நினைச்சுப் பாத்தன். எவ்வளவு நினைச்சும் வயசு போன மனுசனா வரமாட்டாராம். முப்பது வயசும் ஆகாத பெடியனாத்தான் வாறார். போகேக்க போட்டிருந்த நீலக்கோடு போட்ட சேர்ட்டோட. பக்கத்தில நான் இருக்கிறன், தலை நரைச்சு, கண்ணாடியும் போட்டுக்கொண்டு. அவர் என்னைத் திரும்பிப் பாத்திட்டு உம்மட்டக் கேக்கிறார், இந்த அம்மா ஆரெண்டு."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். ஈரக் காற்றில் இரண்டு பேருடைய கையும் விறைத்திருந்தது. என் கண்ணுக்குள்ளும் அந்தப் பெடியன்தான் இருக்கிறான், மகளைவிடக் கொஞ்சம் பெரியவனாக. அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை. கடைகளில் நான் எட்டிப் பார்த்த முகம் எல்லாம் இளம் முகங்கள். வயது போன ஒருவரின் முகத்தை நான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பிப் போகும்போது காருக்குள் சப்பாத்துக் கடிக்கிறதா என்று கேட்டேன். இடது கால் கொஞ்சம் என்றார்.

அதற்கடுத்த சனிக்கிழமை, பயணத்தின் சின்னச் சின்ன விஷயங்களை என் கணவர் வாசித்துக் காட்டினார். அந்தக் கரையில் கடற்கரைக் கற்களை எடுத்துப் போவது தடையாம். அலையிலிருந்து ஊரைக் காப்பது அந்தக் கற்கள்தானாம், பிடிபட்டால் தண்டம் கட்டவேண்டுமாம். நம்மாளுங்க கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டாங்க, அதனால சொல்றேன் என்று என்னைப் பார்த்தார். எனக்குத்தான் போகிற இடமெல்லாம் கிளிஞ்சல் பொறுக்கும் பழக்கம். மச்சாள் மட்டும், எடுக்கத்தானே தடை என்று ஒருதரம் கேட்டார். ஆமாக்கா, எடுக்கத்தான் என்றார் அவர்.

புறப்படுவதற்கு முதல் ஞாயிறு, பெட்டி அடுக்க உதவி செய்யலாம் என்று ரானுயிக்குப் போனேன். சித்திக்கான தேனும் பால்மாவும் ஒரு பெட்டியை நிறைத்திருந்தன. கலியாணத்துக்கான சேலை, கரும்பச்சைக் காஞ்சிபுரம், கட்டிலில் கிடந்தது. கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, அது கலியாணத்துக்கு இருக்கட்டும் என்றார். சித்தியிடம் கதைத்துவிட்டாராம். ஆலாத்திக்குக் கூப்பிடுங்கோ, வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். ஐயரைக் காருக்குள் ஏற்றவேண்டாம், எரிக்கவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம். சித்தி என்ன சொன்னார் என்று கேட்டேன். பால்மா இன்னும் இரண்டு பக்கெட் கேட்டார் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

தேத்தண்ணி போடுவதற்காகச் சமையலறைக்குப் போனேன். சிங்க்குக்குப் பக்கத்தில், மடித்த துவாயின் மேல் ஒரு கல் காய்ந்துகொண்டிருந்தது. கோழிமுட்டையைவிடச் சின்னது, சாம்பல் நிறம். பக்கத்தில் ஒரு பழைய டூத்பிரஷ். இந்த நாட்டுக்குள் வரும்போது சப்பாத்தில் ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவித்தான் கொண்டுவரவேண்டும் என்பதால், எங்களுக்கு எதையும் உரஞ்சிக் கழுவிப் பெட்டிக்குள் வைத்தே பழக்கம். கல்லில் ஒரு பொட்டு மண் இல்லை.

மச்சாள் பின்னால் வந்து நின்றார். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பின்பக்கத்தில. உடுப்புக் காயப்போடுற இடத்தில கிடந்தது," என்றார். "மூண்டு பேராப் போகக்கூடாது தானே."

நான் கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய முகத்தில் அழுகை இல்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி அடுக்கி முடித்த முகம். கல்லை எடுத்துத் துவாயால் இன்னொருதரம் துடைத்தார். அந்த இடத்தில், அண்ணன் சறுக்குகிறது என்று சொன்ன கற்களுக்குள் இதையும் வைத்துவிட்டு வருவோம் என்றார். எல்லாம் கல்லுத்தானே, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்த நேரத்திலும் என் புத்தி திரும்பி வருகிற வழியைத்தான் கணக்குப் பார்த்தது.

"அப்ப வரேக்க மூண்டு பேரெல்லோ மச்சாள்? அங்க கல்லெடுக்கவும் விடமாட்டாங்கள்," என்றேன்.

மச்சாள் கல்லைத் தன் கைப்பைக்குள், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"வரேக்க மூண்டு பேராத்தான் வரவேணும்," என்றார்.